சுடாத கை

என் சித்தி தன் இடது கைக்கு மருமகள் என்று பெயர் வைத்திருந்தாள்.

"சொன்ன இடத்துல இருப்பா. எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டா. சுடுதுன்னு கத்தமாட்டா. இப்படி ஒருத்தி வேற எந்த வீட்டுல இருக்கா, சொல்லு," என்பாள்.

அவளுக்கு மகன் கிடையாது. ஒரே மகளும் கல்யாணமாகி விமானம் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தாள். அதனால் இந்தப் பேச்சில் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. "நிஜ மருமக வந்திருந்தா உன்னைத்தான் மூலையில உக்கார வச்சிருப்பா," என்று சித்தப்பா மட்டும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொல்வார். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் முன்னால் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்.

பல வருடம் ஊர் ஊராக வேலை பார்த்துத் திரிந்துவிட்டு, அடுத்து எங்கே என்று தெரியாமல் நான் அவர்கள் வீட்டு முன்னறை சோபாவில் வந்து விழுந்திருந்தேன். சித்தி எனக்கு வைத்த பெயர் ஊர்சுத்தி.

இடது கையின் தோளும் முழங்கையும் நன்றாக வேலை செய்தன. மணிக்கட்டுக்குக் கீழேதான் அசைவும் உணர்வும் இல்லை. ஐந்து விரல்களும் உள்பக்கமாக வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, குழிக்கரண்டிபோல் நின்றுவிட்டன. ஊசியால் குத்தினாலும் தெரியாது. அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவை நிலையத்தில். மருத்துவமனைகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போடும் இடம். ஒரு விரிப்புக்கு இரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு முனை. சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து உருளையின் வாயில் கொடுத்துவிட்டு, சரியான சமயத்தில் விட்டுவிட வேண்டும். ஒருநாள் ஓரத் தையல் பிரிந்து தொங்கிய நூல் அவள் மோதிரத்தில் சுற்றிக்கொண்டது. விடவேண்டிய சமயத்தில் விட முடியவில்லை. எதிர்முனையில் நின்றவள் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றைத் தேடிப் பிடித்து இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"நல்லா இஸ்திரி போட்டுக் குடுத்துருச்சு. மடிக்கிறதுக்குள்ளதான் நிறுத்திட்டாங்க," என்பாள் சித்தி, கேட்பவர்களிடம்.

வேலை போனதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றித்தான் வாய் திறக்கமாட்டாள். சித்தப்பாவின் அக்கா ஒரு சமையல்காரியைக் கொண்டுவந்து விட்டாள். நல்ல பெண்தான், சுத்தமாகச் சமைப்பாள். ஆனால் சித்தி சமையலறைப் பக்கம் வந்தால், "நீங்க ஏம்மா வர்றீங்க, போய் உக்காருங்க," என்பாள். சித்தி போய் உட்கார்ந்தாள். இப்போது நான் படுக்கிற இதே சோபாவில், சொந்த வீட்டில் விருந்தாளிபோல், தட்டு கைக்கு வரும்வரை காத்திருந்தாள். என்ன சமைப்பது என்று சமையல்காரி சித்தப்பாவிடம் கேட்டாள். பிறகு யாரிடமும் கேட்பதில்லை. ஒருநாள் சித்தி அவளுக்குச் சேலை ஒன்று கொடுத்து, "நாளையிலேருந்து வரவேண்டாம்மா," என்று அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று என்ன சமைத்தாள் என்று சித்தப்பாவைக் கேட்டேன். "கரி," என்றார்.

நான் வந்தபோது அவள் எல்லாவற்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போகவேண்டிய சமையலறை. ஜாடியை இழுப்பறைக்குள் நிறுத்தி, இழுப்பறையை இடுப்பால் நெருக்கி, மூடியைத் திருகுவாள். பால் பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பாள். பாத்திரம் வழுக்காமலிருக்க அடியில் ஈரத்துணி. பூண்டு உரிக்க மட்டும் எந்த வழியும் அகப்படவில்லை. தோலோடு நசுக்கிப் போட்டுவிட்டு, "உங்களுக்குத்தான் ரெண்டு கை இருக்கே, பொறுக்கிட்டுத் தின்னுங்க," என்பாள். சித்தப்பா ஒரு பலகையில் ஆணிகள் அடித்துக் கொடுத்திருந்தார், காயை ஆணியில் குத்தி நிறுத்தி நறுக்குவதற்காக. அதை அவள் கைத்துணி காயப்போட வைத்திருந்தாள்.

ஏனென்றால் அவளுக்கு மருமகள் இருந்தாள். இடது கையைத் தோளிலிருந்து தூக்கி, ஒரு கல்லை வைப்பதுபோல் உருளைக்கிழங்கின் மேல் வைப்பாள். முழங்கையால் அழுத்தம் கொடுப்பாள். கிழங்கு அசையாது. கத்தி அந்த விரல்களை ஒட்டி, சில சமயம் உரசிக்கொண்டே இறங்கும். பார்க்கிற நான் என் விரல்களை மடக்கிக்கொள்வேன். அவளோ எதிர்வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டே நறுக்குவாள்.

கஞ்சி வடிப்பதுதான் அவளுடைய பெரிய வித்தை. கொதிக்கிற சோற்றுப் பானையின் மூடியை வலது கையால் துணியோடு அழுத்திப் பிடித்து, பானையின் அடியை இடது உள்ளங்கையில் தாங்கி, தொட்டியின் மேல் அப்படியே சாய்ப்பாள். துணி கிடையாது, ஒன்றும் கிடையாது. நேராக அடுப்பிலிருந்து இறங்கிய அடி.

எதிர்வீட்டுத் தையல்காரி அதைப் பார்க்கவே வந்து நிற்பாள். தலையணை உறை தைத்துப் பிழைப்பவள். தினமும் ஒரு கிண்ணத்தோடு வந்து, சித்தி சமைத்ததில் கொஞ்சம் வாங்கிப் போவாள்.

"அக்கா, எங்களுக்கெல்லாம் ரெண்டு கை இருந்தும் கரித்துணியத் தேடி ஓடறோம்."

"நீயும் ஒரு கைய உருளையில விட்டுக்க. ஓடவேண்டியதில்லை."

நான் முதல் நாளே கேட்டேன். "சுடாதா சித்தி?"

"சுட்டாத் தெரியணும்ல?"

"தெரியலன்னா சுடலன்னு அர்த்தமா?"

"ஏண்டி ஊர்சுத்தி, நாலு வருஷமா நான் வடிக்கிறேன். நீ வந்து நாலு நாள் ஆகலை." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வலிக்காத இடத்தில் காயமும் ஆகாது என்று அவள் உண்மையாகவே நம்பினாள். இயந்திரம் அந்தக் கையை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இரும்பில் ஒன்றைக் கொடுத்துவிட்டதாக நினைத்தாள்.

சமையல் முடிந்ததும் அந்தக் கைக்கு ஒரு காலுறை மாட்டிவிடுவாள். ஆண்கள் மாட்டும் காக்கி நிறக் காலுறை. பார்ப்பவர்களுக்கு அருவருப்பாக இருக்கக்கூடாது என்பதற்காக என்று நினைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் அவள் சோபாவில் என் பக்கத்தில் அமர்ந்து கண்ணயர்ந்துவிட்டாள். அப்போதுதான் அந்த வாடை வந்தது. குப்பை வாளியோ, ஜன்னலுக்கு வெளியே எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று எழுந்துபோய்ப் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, அது அவள் மடியிலிருந்து வந்தது. காலுறையின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. மெல்ல உருவினேன். அவள் விழிக்கவில்லை. உருவுவது அவளுக்குத் தெரியாதே.

உள்ளங்கை நடுவில் தோல் இல்லை. கறுத்த விளிம்போடு ஒரு குழி. குழியின் அடியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. எனக்கு அது என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். காலுறையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"மருந்து போட்டுட்டுதான் இருக்கேன்."

"எத்தனை நாளா சித்தி?"

"ஆறிடும்."

மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சித்தப்பாவும் வந்தார். மருத்துவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள். புண் எலும்புக்குள் போய்விட்டது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே எடுத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் முழங்கைக்கு ஏறும், அப்புறம் ரத்தத்தில் ஏறும்.

சித்தி கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு, "விரலை வேணா எடுத்துக்கங்க. உள்ளங்கைய விட்டுருங்க," என்றாள்.

"புண்ணே உள்ளங்கையிலதாம்மா இருக்கு."

"அப்ப இந்த மேடு. கட்டைவிரலுக்குக் கீழ இருக்கே, இந்த மேட்டை மட்டும் விடுங்க. காய அமுத்த அது போதும்."

"அம்மா, இது காய்கறிக் கடை இல்ல." கோபமில்லாமல்தான் சொன்னாள். "பிடிக்கவும் முடியாது, தொட்டாலும் தெரியாது. இந்தக் கை உங்களுக்கு எதுக்கு உதவுது?"

"டாக்டரம்மா, நீங்க வீட்டுல சமைப்பீங்களா?"

"எப்பவாவது."

"ஒரு கையைப் பின்னால கட்டிக்கிட்டு ஒரே ஒரு வெங்காயம் நறுக்கிப் பாருங்க."

மருத்துவர் உண்மையிலேயே யோசித்தாள். "முடியாதுதான்," என்றாள். "ஆனா செத்துப்போனாலும் நறுக்க முடியாதும்மா."

சித்தி எழுந்து வெளியே வந்துவிட்டாள். இரண்டு நாளில் யோசித்துச் சொல்கிறோம் என்று நான்தான் அவள் சார்பில் மருத்துவரிடம் சொன்னேன்.

பேருந்தில் திரும்பும்போது சித்தி முன்னால் பெண்கள் இருக்கையில் அமர்ந்திருந்தாள். நானும் சித்தப்பாவும் பின்னால். ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம் சித்தப்பாவின் வலது காலும் தரையை அழுத்தியது.

"நீங்க பாக்கவே இல்லையா சித்தப்பா? தினமும் பக்கத்துலதானே படுக்கறீங்க?"

"பாத்தேன்."

"எப்போ?"

"மழை ஆரம்பிச்சப்ப." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சொல்லியிருந்தா அடுப்பங்கரையை விடணும். விட்டா அவ பழைய மாதிரி ஆயிடுவா. நீ பாக்கலை அதை. சுவத்தைப் பாத்தே உக்காந்திருப்பா." கொஞ்சம் கழித்து, "எனக்கும் தட்டுல சோறு வந்துட்டிருந்துச்சு," என்றார்.

காலுறை வாங்கிக் கொடுத்தது அவர்தான். ஈரத்தை நன்றாக உறிஞ்சும் தடித்த ரகமாகப் பார்த்து.

சித்தி வீட்டுக்கு வந்ததும் சமைத்தாள். நான் நறுக்கித் தருகிறேன் என்றேன்.

"நீ எத்தனை நாள் இருப்பே?"

வேறொரு ஊரில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். அது கிடைத்தால் நான் போய்விடுவேன் என்று அவளுக்கும் தெரியும்.

"அப்ப தள்ளு," என்றாள். "இந்தக் கை போனா உங்க சித்தப்பாவோட அக்கா மறுநாளே ஆளை அனுப்பிடுவாங்க. போய் உக்காருங்கம்மான்னு இன்னொருத்தி சொல்லுவா. நான் உக்காருவேன். எனக்கு என்னடி இருக்கு இந்த வீட்டுல, உக்கார்றதைத் தவிர?"

காலுறைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நறுக்கினாள். பானையைத் தாங்க இப்போது துணி வைத்துக்கொண்டாள். அதுதான் அவள் செய்த ஒரே சமரசம். உடம்பு அனலாகக் கொதித்தது. மாத்திரையை விழுங்கிவிட்டு நின்றாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். முட்டைக்கோஸும் சோறும் முட்டையும். சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "மத்தியானம் ஆஸ்பத்திரி காண்டீன்ல வடை தின்னது வயித்துல அப்படியே நிக்குது," என்றார். காண்டீனில் அவர் எதுவும் தின்னவில்லை. நானும் தண்ணீரைக் குடித்துக் குடித்துத்தான் உள்ளே தள்ளினேன். சமையலில் ஒரு குறையும் இல்லை. வாடை அந்த அறையிலேயே இருந்தது.

மறுநாள் தையல்காரி கிண்ணத்தோடு வந்தாள். எப்போதும்போல் வாங்கிக்கொண்டாள். "நல்ல மணமா இருக்குக்கா," என்றாள். அவள் வீட்டுக்கும் சித்தியின் வீட்டுக்கும் நடுவில் ஒரு நடைபாதைதான். சித்தி கொத்தமல்லித் தண்டையோ எதையோ போட வெளியே வந்தபோது, தையல்காரி கிண்ணத்தை நடைபாதைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டியிருந்ததை விரலால் வழித்துக்கூடப் போட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, அது வந்து, குழந்தைக்கு வயிறு சரியில்ல," என்றாள் தையல்காரி.

"சரிம்மா," என்றாள் சித்தி.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அடுப்பில் பாதி வெந்துகொண்டிருந்ததை அணைத்தாள். பாத்திரங்களைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். காய்ச்சலில் அவளுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"ஏண்டி, உண்மையைச் சொல்லு. நாறுதா?"

"ஆமா சித்தி."

"உங்க சித்தப்பாவுக்கும் தெரியுமா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் பானையைத் தொட்டியில் கவிழ்த்தாள். சோறு முழுவதும் போனது.

"வண்டியைக் கூப்பிடு," என்றாள்.

அறுவை சிகிச்சை ஒழுங்காக நடந்தது. புண் முழங்கைக்கு ஏறியிருக்கவில்லை. மருத்துவர் அதைப் பெரிய வெற்றியாகச் சொன்னாள், அது சரிதான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு அந்தக் கை எரிய ஆரம்பித்தது. இல்லாத கை. உள்ளங்கை நடுவில், புண் இருந்த அதே இடத்தில், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வைத்ததுபோல் எரிகிறது என்றாள். நாலு வருடமாக ஒன்றும் தெரியாமல் இருந்த இடம். காற்றில் கையை உதறுவாள். கட்டுப்போட்ட முனை மட்டும் ஆடும். இப்படிச் சிலருக்கு வரும், குறைந்துவிடும் என்று மருத்துவர் சொன்னாள். குறையும்வரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தி ஒரு சொம்பில் குளிர்ந்த தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் சமைத்தேன். அவள் சமையலறை வாசலில் நின்று, "சின்னதா. இன்னும் சின்னதா. ஏன் இப்படித் தடி தடியா வெட்டறே, யானைக்கா?" என்பாள். எனக்குக் கோபம் வரவில்லை. திட்டாத நாளில்தான் பயமாக இருந்தது.

எனக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. சொன்னபோது சித்தி, "போ. நீ இருந்தா உன் காலு துருப்பிடிச்சிடும்," என்றாள். சித்தப்பாவின் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒரு ஆள் பார்த்து வைத்திருக்கிறேன், அனுப்பட்டுமா என்றாள். நாளைக்குச் சொல்றேன் என்று சித்தப்பா வைத்துவிட்டார்.

கட்டுப் பிரித்து, முனை காய்ந்த பிறகு, சித்தி ஒரு முறை தனியாக முயன்றாள். நான் முன்னறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். முட்டைக்கோஸ் உருண்டு தரையில் விழுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. சித்தப்பாவின் ஆணிப் பலகையில் குத்தினாள் போலிருக்கிறது, கத்தி ஆணியில் பட்டுக் கிறீச்சிட்டது. கை எடுத்த முனையால் அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். உடனே, "அம்மா," என்று முனகுவது கேட்டது. அந்த முனைக்கு இப்போது எல்லாமே வலிக்கும்.

சித்தப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் அந்தச் சமையலறைக்குள் போய் நான் பார்த்ததே இல்லை. போனார். நான் எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றேன். அகலமில்லாததால் அவர் பக்கவாட்டில் நுழைந்து, அவள் இடது பக்கம் ஒட்டி நின்றார். முட்டைக்கோஸைப் பலகையில் வைத்து அதன்மேல் தன் கையை வைத்தார். மொத்தமான, முடி நரைத்த கை.

"நறுக்கு," என்றார்.

"கையை எடுங்க."

"நான் அமுத்திக்கிறேன். நீ நறுக்கு."

"விரலை உள்ள மடக்குங்க. இப்படி இல்ல. நகம் தெரியக்கூடாது."

"மடக்கிட்டேன்."

"இன்னும்."

"இதுக்கு மேல மடக்கினா உடைஞ்சிடும்டி. நறுக்கு."

அவள் கத்தியை எடுத்தாள். வலது கோடியில் வைத்து ஒரு துண்டு இறக்கினாள். இன்னொன்று. ஜன்னலைப் பார்க்கவில்லை, கத்தியையும் அவர் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பாதிக் காய்வரை வந்ததும் கத்தி நின்றுவிட்டது. அவர் விரல்களுக்கு இன்னும் நிறைய இடம் இருந்தது. அவள் கத்தியைக் கொஞ்சம் தூக்கினாள், வைத்தாள், மறுபடி தூக்கினாள்.

"வெட்டேன். என்ன இப்ப?"

"முடியலங்க."

"பட்டா படட்டும். கட்டுப் போட்டுக்கலாம்."

"உங்களுக்கு வலிக்கும்," என்றாள்.

அவர் கையை எடுக்கவில்லை. பிறகு அவள் கத்தியைப் பலகையில் படுக்கவைத்து, கத்தியின் முதுகால் நறுக்கியதை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். நறுக்காத பாதி அவர் கைக்கு அடியில் இருந்தது.

"உங்க அக்காவுக்குப் போனைப் போடுங்க."

"இன்னொரு தடவை பாக்கலாம். பெரிய காயா வாங்கிட்டு வர்றேன், இடம் நிறைய இருக்கும்."

"போடுங்கன்னு சொல்றேன்ல."

அவர் பக்கவாட்டிலேயே வெளியே வந்தார். என்னைப் பார்க்காமல் தாண்டிப் போனார். முன்னறையில் எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. "ஆமாக்கா. வரட்டும். திங்கள்கிழமையே வரட்டும்," என்றார். அக்கா ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லக்கா, அவதான் சொன்னா," என்றார்.

சித்தி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. நறுக்கிய வரைக்கும் இருந்ததை ஒற்றைக் கையால் அள்ளி, அதில் போட்டாள்.